பல்லாவரம் தந்த கல் – இராபர்ட் புரூஸ் ஃபூட்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், நிலவியல்)

ஓர் ஊரின் பெருமை எதனால் அமைகிறது? சில ஊர்களுக்குக் கோபுரத்தால் பெருமை. சில ஊர்களுக்கு அங்கே பிறந்த புலவரால் பெருமை. சில ஊர்களுக்கு அங்கே நடந்த போரால் பெருமை. எங்கள் பல்லாவரத்திற்கோ ஒரு கல்லால் பெருமை. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கல், இந்திய நாட்டின் வரலாற்றைப் பல நூறாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்தியது என்றால் அது மிகையாகாது. அக்கல்லைக் கண்டெடுத்தவரின் வாழ்வை என் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அவரைப் பற்றி எழுதும்போது, அவர் கண்ட மண்ணின்மேல் இன்று வாழ்கின்ற எங்களைப் பற்றியும் சிறிது எழுத வேண்டியிருக்கிறது.

இளமையும் பணியும்

இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கிலாந்து நாட்டின் செல்டன்காம் நகரில் 1834 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் பிறந்தார். இருபத்து நான்காம் அகவையில், 1858 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியில் சேர்ந்தார். அத்துறை அப்போது இளமையானது. தாமஸ் ஓல்டாம் என்னும் அறிஞர் அதன் தலைவராக விளங்கினார். நாட்டின் பாறைகளையும் கனிமங்களையும் அடி அடியாக நடந்து பார்த்து வரைபடமாக்குவதே அத்துறையின் தலையாய வேலை. ஃபூட்டுக்குச் சென்னை மாகாணம் ஒதுக்கப்பட்டது.

இன்று நாம் கல்லூரியிலிருந்து களப்பயணம் செல்வதென்றால் பேருந்து வருகிறது. உணவுப் பொட்டலம் வருகிறது. அன்று அப்படியில்லை. மாட்டு வண்டியும் குதிரையும் கூடாரமுமே துணை. காய்ச்சலும் வெயிலும் உடன் வரும். அந்நிலையிலும் 33 ஆண்டுகள், 1891 இல் ஓய்வு பெறும் வரை, தென்னாட்டின் காடு மேடுகளை அவர் அளந்தார். தார்வார்ப் பாறைத் தொகுதி என்று நாம் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதனைத் தனித் தொகுதியாகப் பிரித்துக் காட்டிப் பெயரிட்டவர் இவரே. பெல்லாரி மாவட்டத்தின் நிலவியலை விரித்து எழுதியவரும் இவரே. தொல்லியலார் அவரைத் தமக்கே உரியவர் என்பர். நாம் நிலவியல் மாணவர். அவர் முதலில் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

தமிழோடும் அவருக்கு ஓர் உறவு உண்டு. அவருடைய முதல் மனைவியார், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவரும், ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவரும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவரும் ஆன அதே பெர்சிவல்தான். மாமனார் பழமொழிகளைத் திரட்டினார். மருமகன் பழங்கற்களைத் திரட்டினார்.

அந்தக் காலத்தின் கேள்வி

மனிதன் இவ்வுலகில் தோன்றி எத்தனை ஆண்டுகள் ஆயின? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியரில் மிகப் பலர், ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகள் என்றே நம்பினர். பிரான்சு நாட்டின் அபெவில் நகருக்கருகே பூஷே த பெர்த் என்பவர் ஆற்றுச் சரளைக்குள் கல்லாயுதங்களைக் கண்டு பல ஆண்டுகள் வாதாடினார். அவர் சொல்லை அறிஞருலகம் ஏற்கவில்லை. 1859 ஆம் ஆண்டில்தான் பிரெஸ்ட்விச், ஈவான்ஸ் முதலிய ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவை அழிந்துபோன விலங்குகளின் காலத்து மனிதன் செய்தவையே என்று ஒப்புக்கொண்டனர். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அறிவுலகம் கொந்தளித்துக் கொண்டிருந்தது.

அச்செய்திகளைச் சென்னையிலிருந்து ஊன்றிப் படித்தவர் ஃபூட். ஐரோப்பாவில் கிடைப்பவை இந்நாட்டில் ஏன் கிடைக்கக் கூடாது? அந்த எண்ணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவர் சரளை மேடுகளைப் பார்த்து நடந்தார். தற்செயலாகக் காலில் இடறிய கல் அன்று அது. தேடியவர் கண்ணில் பட்ட கல்.

1863, மே 30

அந்நாளைய பல்லாவரம் ஒரு படைவீரர் குடியிருப்பு. சென்னையிலிருந்து செல்லும் பெருஞ்சாலை ஓரத்தில், மலையடிவாரத்தில், அணிவகுப்புத் திடலும் படைவீடுகளும் இருந்தன. திடலுக்கு அருகே சாலைக்குச் சரளை தோண்டி எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. 1863 ஆம் ஆண்டு மே திங்கள் 30 ஆம் நாள், கத்திரி கழிந்தும் வெயில் தணியாத அந்த நாளில், செம்புரைச் சரளைக்குள்ளிருந்து வந்த ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, கைப்பிடியும் முனையும் கொண்டு அமைந்த குவார்ட்சைட் கல். மழையும் ஆறும் உருட்டினால் கல் உருண்டையாகும். இப்படி ஒழுங்காகச் சில்லு பெயராது. மனிதன் கை பட்டால்தான் இவ்வடிவம் வரும் என்பது அவருக்குத் தெரிந்தது. இந்தியாவில் முறையாக அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே.

ஐரோப்பாவில் இத்தகைய கருவிகள் தீக்கல்லில் அமைந்தன. இங்கே தீக்கல் இல்லை. ஆகவே இந்நிலத்து ஆதி மனிதன் இங்கே கிடைத்த குவார்ட்சைட் கூழாங்கல்லை எடுத்துக்கொண்டான். இல்லாததற்கு ஏங்காமல் இருப்பதைக் கொண்டு கருவி செய்த அந்தப் பெயர் தெரியாத தொழிலாளியை எண்ணி வியக்கிறேன்.

நான்கு திங்கள் கழித்து, அதே ஆண்டு செப்டம்பர் 28 இல், ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். பல்லாவரத்தில் ஒரு கல்லாகக் கிடைத்த சான்று அத்திரம்பாக்கத்தில் தொகுதியாகக் கிடைத்தது. இவற்றை எல்லாம் திரட்டிச் சென்னையின் அறிவியல் இதழில் 1866 இல் விரிவான கட்டுரை எழுதினார்.

அவர் விதைத்த விதை நம் காலத்தில் பெருமரமாகியிருக்கிறது. சாந்தி பப்பு அவர்கள் தலைமையிலான ஆய்வாளர் குழு அத்திரம்பாக்கத்தில் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011 இல் உலகுக்கு அறிவித்தது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்பதை 2018 இல் அதே குழு காட்டியது. ஃபூட்டுக்கு இந்தக் காலக் கணக்கு தெரியாது. கணக்கிடும் கருவிகள் அன்று இல்லை. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்பதை எழுதி வைத்துச் சென்றவர் அவரே.

தேடல் நிற்கவில்லை

பல்லாவரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கர்நூல் மாவட்டத்துப் பில்லாசுர்க்கம் குகைகளை 1884-85 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். படைப்பணியில் இருந்த அவருடைய மகன் ஹென்றி அங்கே அகழ்ந்து தந்தைக்குத் துணை நின்றார். திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்துத் தேரிமணலில் சிறு கல்லாயுதங்களைக் கண்டார். பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் புதிய கற்காலத்து மக்களுடையவை என்று உணர்ந்தார். ஓய்வு பெற்ற பின்னும் பரோடா அரசுக்கும் மைசூர் அரசுக்கும் நிலவியல் பணி செய்தார். 1893 இல் குசராத்தின் சபர்மதி ஆற்றங்கரையிலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது!

வாழ்நாள் முழுதும் திரட்டிய கற்களையும் பானை ஓடுகளையும் அவர் தம் நாட்டுக்குக் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. அவை 1904 இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு அவர் எழுதிய பட்டியல் அவர் மறைந்த பின் 1914, 1916 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சேறியது. ஏற்காட்டில் குடியமைத்து வாழ்ந்த அவர், 1912 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29 ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது.

எங்கள் மண்ணின் அடுக்குகள்

ஃபூட் கண்டது பல்லாவரத்தின் ஓர் அடுக்கு மட்டுமே. இங்குள்ள மலையில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகை உண்டு. அவன் விருதுப் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது இசுலாமியப் பெருமக்கள் வழிபடும் தர்காவாக விளங்குகிறது. 1880களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் இங்கே பல கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். அண்மைக் காலத்திலும் ஜமீன் பல்லாவரத்தில் அத்தகைய பேழை வெளிப்பட்டது.

மலையின் பாறையே உலகப் புகழ் பெற்றது. தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் 1893 இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால் அப்பெயர். நிலவியல் ஆய்வுத் துறை இப்பாறையைப் பரங்கிமலைப் பகுதியில் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. என் பாட்டனார் திரிசூலம் பக்கத்துக் கல்குவாரியில் சம்மட்டி பிடித்தவர். அவருக்கு அது கருங்கல். தட்டும் ஓசையிலேயே எந்தக் கல் எப்படிப் பிளக்கும் என்று சொல்வார். அவர் உடைத்த கல்லின் பெயரைப் படிக்கக் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்.

சட்டமும் குடியிருப்பும்

இவ்வளவு பழமை நிறைந்த மண்ணைக் காக்க வேண்டாமா? வேண்டும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நாடு முழுமைக்கும் உரியது. 1992 இல் வந்த அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றுக் கட்டலாம். இவற்றை மேற்பார்க்கத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் அமைந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி இவ்விதியை எண்ணிப் பாருங்கள். கோயில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மதிலைப் பார்த்தாலே தெரியும். பல்லாவரத்தின் தொல்லிடங்கள் மண்ணுக்கடியில் இருப்பவை. அவற்றின்மேல் இலட்சக்கணக்கானோர் வாழும் நகரம் எழுந்துவிட்டது. 2021 இல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியும் ஆகிவிட்டது. பழைய பல்லாவரம், ஜமீன் பல்லாவரம் பகுதிகளில், அறிவிக்கப்பட்ட இடங்களை ஒட்டி வாழ்வோர் வீடு கட்டவும் விரிக்கவும் இயலாமல் இடர்ப்படுகின்றனர்.

எங்கள் வீடும் அந்த எல்லைக்குள் வருகிறது. இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அண்ணனுக்குத் திருமணம் பேசியபோது மேலே ஓர் அறை எழுப்ப எண்ணினோம். மனு எழுதியவன் நான். வீட்டில் சட்டத்தின் சொற்களைப் படித்துச் சொல்லக்கூடியவன் நான்தானே. ஓராண்டு கடந்தும் ஆம் என்ற விடையும் இல்லை, இல்லை என்ற விடையும் இல்லை. அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில் வாடகைக்குப் போனார்கள். அந்த வெள்ளைக்காரர் அந்தக் கல்லைக் காணாமலே போயிருந்தால் நமக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நிலவியல் படிக்கும் எனக்கு அக்கேள்வி முள்ளாய்த் தைத்தது.

அவருக்கு நான் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன். முதலாவது, இந்த எல்லை ஃபூட் கண்ட சரளைப் பள்ளத்துக்காக வரையப்பட்டதன்று. ஈமச் சின்னங்கள் முதலான தொல்லிடங்களுக்காக வரையப்பட்டது. இரண்டாவது, ஃபூட்டின் வாழ்வை ஊன்றிப் படித்தால் அவர் நமக்கு எதிரி அல்லர். நமக்கு வழி காட்டுபவர்.

ஃபூட் எப்படிக் கண்டுபிடித்தார்? கூலியாட்கள் தோண்டிய பள்ளத்தில் கண்டுபிடித்தார். தோண்டுவதை அவர் தடுக்கவில்லை. தோண்டிய இடத்தைக் கண் திறந்து பார்த்தார். எந்த அடுக்கு, எத்தனை ஆழம், எந்த ஊர் என்று எழுதினார். பொருளைக் காட்டிலும் அது கிடந்த இடத்தின் குறிப்பை உயிராக மதித்தார். இடம் தெரியாத கைக்கோடரி வெறுங்கல். இடம் தெரிந்த கைக்கோடரி வரலாறு. தடை ஒன்றே பாதுகாப்பு ஆகாது. தடையால் மனம் கசந்தவர் அடித்தளம் தோண்டும்போது பானை ஓடு வந்தால் என்ன செய்வார்? எங்கே எல்லை இன்னும் நீளுமோ என்று அஞ்சி இரவோடு இரவாக மூடிவிடுவார். அச்சம் மூடிய சான்றை எந்த ஆய்வாளராலும் மீட்க முடியாது.

அதே வேளையில், தடையை முற்றும் நீக்கிவிடலாம் என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. எங்கள் பகுதியின் மலைகளைக் குவாரிகள் தின்ற கதையை என் பாட்டனாரே சொல்லியிருக்கிறார். உடைத்த மலை மீண்டும் வளராது. அடுக்குமாடிக்காக எந்திரம் கொண்டு அள்ளிய செம்புரைச் சரளையும் திரும்பி வராது. இன்று எங்களுக்கு ஓர் அறை வேண்டும். நாளை பிறப்பவர்க்கு வரலாறும் வேண்டும். இரண்டுக்கும் இடம் உண்டா என்பதே கேள்வி.

உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் இயல்புக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. கோயிலுக்கு ஒரு விதி, குகைக்கு ஒரு விதி, மண்ணுள் மறைந்த தொல்லிடத்துக்கு ஒரு விதி என அது அமையலாம். எங்கள் ஊருக்கு வேண்டியவை மூன்று. ஒன்று, அளவை எண் வாரியாக நிலத்தை ஆய்ந்து, எங்கே தொல்பொருள் அடுக்கு இருக்கிறது, எங்கே அது முன்னரே அழிந்துவிட்டது என்று தெளிவான வரைபடம் செய்தல்; அதை மக்கள் பார்க்கும்படி மாநகராட்சி அலுவலகத்தில் வைத்தல். இரண்டு, சிறு வீடு கட்டுவோர் கடைக்கால் தோண்டும் முன் அரசுச் செலவில் ஆய்வாளர் வந்து குழி வெட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தல். சான்று இல்லையெனில் அனுமதி தருதல். மூன்று, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் குறித்த நாளுக்குள் விடை தருதல். இல்லை என்று சொன்னால் மாற்று வழியும் சொல்லுதல்.

இவற்றுக்கு ஆள் வேண்டாமா என்று கேட்பீர்கள். நாம் இருக்கிறோமே! நிலவியல் மாணவர்க்கு மண்ணடுக்கு பார்க்கத் தெரியும். வரலாற்று மாணவர்க்குப் பானை ஓடு பார்க்கத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரக்கன்று நடுகிறோம், சாலை பெருக்குகிறோம். ஒரு முகாமைப் பல்லாவரத்துத் தெருக்களுக்கு ஒதுக்கினால் என்ன? வீடு வீடாகச் சென்று, இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று சொன்னால், கிணறு வெட்டியபோதும் கழிவுநீர்த் தொட்டி தோண்டியபோதும் தாம் கண்டதை மக்கள் நம்மிடம் சொல்வார்கள். நம் பேராசிரியப் பெருமக்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு ஒரு முறையேனும் சென்று ஃபூட் திரட்டிய கற்களைக் காணுங்கள். அவர் பட்டம் பதவிகளுக்காகக் கல் பொறுக்கியவர் அல்லர். பிறர் மிதித்துச் சென்ற சரளையைக் குனிந்து பார்த்தவர். பார்த்ததை ஊர்ப்பெயரோடு எழுதி வைத்தவர். பல்லாவரத்து மண்ணையும், அம்மண்மேல் வாழும் மக்களையும் ஒருசேரக் காக்கும் விதி வேண்டுமென்றால், அதை வகுப்பவர்களும் அவரைப் போல முதலில் களத்துக்கு வந்து, குனிந்து, பார்த்து எழுத வேண்டும். அப்படி வருவோர்க்கு வழிகாட்ட எங்கள் தெரு மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.